துரை வைத்துப்போன ஒரு மணி நேரம்

நீ செய்தது நியாயமே இல்லை. ஊரெல்லாம் உன்னைத் தர்மவான் என்கிறது, புண்ணியவான் என்கிறது, வாசல் கல்லில் உன் பேரை வெட்டி வைத்திருக்கிறது. நீ செய்தது என்ன? கொடுக்கிறவன் மாதிரி ஒரு கையை நீட்டினாய், வாங்க வந்தவன் வாயில் மறு கையால் பூட்டைப் போட்டாய், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தும் போய்விட்டாய், இப்போது சுவரில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாய். இதில் ஒரு சொல்லையும் அஞ்சாப்புலி வாய் திறந்து சொல்லவில்லை. திறந்தால் போச்சு. எதிர்ச் சுவரில் சட்டத்துக்குள் இருந்த வெள்ளைக்காரனைப் பார்த்து மனசுக்குள்ளேயே கத்தினார். அவருக்கு அது பழக்கமில்லை. நல்லான்பட்டினம் மீன்துறையில் இருபத்திரண்டு வருஷமாக ஏலம் கூறுகிறவர் அவர். ஐஸ் கூடை சுமந்து, அடி வாங்கி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் அந்தத் தொண்டையை வைத்தே பிழைக்கிறவர். அவர் ஒருதரம் என்றால் அலை ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுப் போகும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆளை, பட்டப்பகல் இரண்டு மணிக்கு, பள்ளிக்கூடத்துப் பழைய நூலக அறையில், செத்துப்போன துரையின் நாற்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துப் பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் மகள் மோகனப்பிரியாவுக்காக. அம்புரோசு துரை அறக்கட்டளையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இடம், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், அதற்கப்புறம் காலேஜும், விடுதியும் சோறும் புத்தகமும் சேர்த்து. இந்த வருஷம் காலி ஒன்று. அந்த ஒன்றுக்குத் துரை எழுதி வைத்துப்போன பரீட்சை பிள்ளைக்கு இல்லை, பிள்ளையின் தகப்பனுக்கு. அவருடைய மணல் குடுவை ஒருதரம் ஓடி முடிகிற வரைக்கும் வாய் பேசக்கூடாது, கை முழங்காலை விட்டு அசையக்கூடாது, தலை திரும்பக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது. எவனாவது இப்படி ஒரு பரீட்சை வைப்பானா? நீந்தச் சொல், தூக்கச் சொல், நடுக்கடலில் இன்ஜின் பிரிக்கச் சொல். சும்மா இரு என்று சொன்னால் ஒரு மனுஷன் எப்படிச் சும்மா இருப்பான்.

தலைமையாசிரியை சகாயமேரி வந்து குடுவையைக் கவிழ்த்து வைத்தபோதே கறாராகச் சொல்லிவிட்டுத்தான் போனார். "கடைசி மணல் விழுந்ததும் சவரிராயன் சார் மணி அடிப்பார், நான் வந்து கையெழுத்துப் போடுவேன். இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு நான் பஸ் ஏறணும். அதுக்குள்ள மணி அடிக்கலைன்னா இடம் அடுத்தவருக்கு. நீங்க கோவிச்சுக்கக் கூடாது." கோவிச்சுக்கக் கூடாதாம். யாரிடம் வந்து சொல்கிறார். அடுத்தவர் என்பது ஐஸ் பேக்டரி பார்த்திபன். பின்னால் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் சாட்சி. அடுத்த உரிமைக்காரனே சாட்சியாக இருக்கவேண்டும் என்பதும் துரை எழுதி வைத்ததுதான், சாட்சிக்கு வாய் உண்டு என்பதும் துரை எழுதி வைத்ததுதான். அதாவது அவன் பேசலாம், இவர் பேசக்கூடாது. இப்படி ஒரு ஏலத்தை அஞ்சாப்புலி வாழ்நாளில் பார்த்ததில்லை, ஒருத்தன் மட்டும் விலை கேட்பான், இன்னொருத்தன் மீனாகவே கிடப்பான். துரையின் படத்தை மறுபடி பார்த்தார். கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளையாக மடிப்பு மடிப்பாக இட்லித்தட்டு மாதிரி ஒன்று, அதன்மேல் அவித்த நண்டு நிறத்தில் ஒரு முகம். படிச்ச களை. வாயில்லாப் பூச்சி. மூன்று வேளையும் முணுமுணுத்துக்கொண்டே புத்தகம் தின்றிருப்பான், பக்கத்து வீட்டில் அம்மி அரைத்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பான், சத்தம் ஆகாத ஜென்மம், அதனால்தான் ஊரான் வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். மூக்கின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. துரையின் மூக்கில். அப்புறம் பறந்து வந்து அஞ்சாப்புலியின் மூக்கில். கை முழங்காலில். ஈக்கும் துரை ஏதோ எழுதி வைத்திருப்பார் போல, அது நிதானமாக நடந்தது.

"என்னண்ணே, உன்னை இப்படிப் பார்க்கறதுக்கு டிக்கெட் போட்டிருந்தா துறையே வந்திருக்கும்," என்றான் பார்த்திபன் பின்னாலிருந்து. அஞ்சாப்புலி மணலைப் பார்த்தார். மெல்லிசாக ஒரு நூல் மாதிரி விழுந்தது. "நேத்து நீ கூறின வஞ்சிரத்தைப் பாண்டிச்சேரிக்காரன் பாதி வழியிலயே இறக்கி வச்சுட்டானாமே. நாத்தம் தாங்கலையாம்." பொய். பச்சைப் பொய். அந்த வஞ்சிரத்தின் கண் கண்ணாடி மாதிரி இருந்தது, செவுள் குங்குமம் மாதிரி இருந்தது, நாறியது உன் ஐஸ், உப்புத் தண்ணீரில் போட்ட உன் ஐஸ், சொல்லவா, சொல்லவா என்று தொண்டைக்குள் வந்தது வெளியே இருமலாக வந்து விழுந்தது. குடுவைக்குக் காவலாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த சவரிராயன் சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஒரு விரலைக் காட்டினார். இருமலுக்கும் கணக்கு இருந்தது. தேவன் மனுஷனுக்குக் கொடுத்த இருமலில் மூன்று மாத்திரம் மன்னிக்கப்படும் என்று துரையின் சாசனம். ஒருதரம். பார்த்திபன் அதைப் பிடித்துக்கொண்டான். "சளியா அண்ணே? கடல் காத்து ஒத்துக்கலையா? கூறு போடும்போது அழுகினதை அடியில வச்சு நல்லதை மேல வைக்கிற கை, முழங்கால்ல சும்மா இருந்தா நடுங்கத்தான் செய்யும்." ரெண்டுதரம். சார் இரண்டு விரலைக் காட்டினார். அப்புறம் பின்னால் பெஞ்சில் கால் ஆடுகிற சத்தம் நின்றது. அஞ்சாப்புலிக்கு அதுதான் பயமாக இருந்தது. வலை வீசுகிறவன் கையைப் பின்னால் இழுக்கிற நேரம் அது. "உன் பொண்ணு நல்லாப் படிக்குமாமே அண்ணே," என்றான் பார்த்திபன், இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "ஆனா மூணு ஸ்கூல் மாறிடுச்சாம். புள்ளை தப்பா, அப்பன் தப்பா?" மூணுதரம். அது இருமலா வேறு எதுவுமா என்று அவருக்கே தெரியவில்லை. சார் மூன்று விரலைக் காட்டிவிட்டு, கையை மடக்கி மேசையில் வைத்தார். ஏலம் முடிந்தது என்கிற மாதிரி.

முதல் இருமலும் இரண்டாவதும் பொய்க்கு. மூன்றாவது உண்மைக்கு. அதுதான் நெஞ்சில் நின்று அறுத்தது. முதல் ஸ்கூலில் கணக்கு டீச்சரிடம் என்ன சண்டை? எல்லாப் பிள்ளையும் கூட்டிப் போட்டதை மோகனா மனசிலேயே போட்டுச் சொன்னது, டீச்சர் பார்த்து எழுதினாயா என்று கேட்டது, அவ்வளவுதான். அஞ்சாப்புலி மறுநாள் போய் வாசலில் நின்று கேட்டார், கேட்டது இரண்டு தெருவுக்குக் கேட்டது. இரண்டாவது ஸ்கூலில் வேன்காரன். மூன்றாவதில் யாரிடம், எதற்கு என்பதே மறந்துவிட்டது, கத்தியது மட்டும் நினைவிருக்கிறது, கத்திக்கொண்டே திரும்பியபோது மகள் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே வந்து நின்றதும் நினைவிருக்கிறது. யாரும் போகச் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. வாய்தான் எனக்கு வலை, வாய்தான் எனக்குப் படகு, அதை வைத்துத்தான் உன்னை வளர்க்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி சோற்றில் கை வைத்தபடி சொன்னார். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள். இன்றைக்குக் காலையில்தான் அதற்குப் பதில் சொன்னாள். சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டுக்கொண்டே, "ஒரே ஒரு மணி நேரம்பா," என்றாள். "நான் பத்து வருஷமா வாயை மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்." அடுப்படியில் இந்திராணி தட்டைக் கீழே போட்டது அப்போதுதான். வேண்டுமென்றே போட்டாளா கை நழுவிப் போட்டாளா என்று பெண்டாட்டியிடம் கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

சவரிராயன் சார் சாசனத்தை வாசித்துக்கொண்டிருந்தார். குடுவை ஓடுகிற நேரத்தில் அதை முழுசாக வாசிக்கவேண்டும், உட்கார்ந்திருக்கிறவன் காதில் விழவேண்டும், அதுவும் விதி. எந்தக் காலத்திலோ எந்த முன்ஷியோ தமிழில் எழுதினது. "இப்பவும் அம்புரோசு கெட்டில்வெல் ஆகிய நான், சுயபுத்தியோடு எழுதி வைக்கிற மரண சாசனம் என்னவென்றால், நான் ஆட்டுக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்க்கிறவன் மகன். எங்கள் வீட்டில் கொழுப்பு நாற்றம் போக நான் படித்தேன்." அஞ்சாப்புலியின் காது கொஞ்சம் நிமிர்ந்தது. நாற்றத்திலிருந்து வந்தவனா நீ. பரவாயில்லையே. "ஏழு பாஷை கற்றேன். ஏழிலும் என் நாவை அடக்கக் கற்றிலேன். சர்வகலாசாலையில் என் மேலதிகாரியின் பிரசங்கத்தில் பதினாறு பிழை உண்டென்று அவர் பந்தியில் உட்கார்ந்திருக்கையில் எழுந்து நின்று எண்ணிச் சொன்னேன். அவை பதினாறு தான். என்னைத் துரத்தினார்கள்." அடேய். அஞ்சாப்புலி படத்தை மறுபடியும் பார்த்தார். அந்தச் சிவப்பு வெட்கச் சிவப்பு இல்லை, அடக்கச் சிவப்பும் இல்லை, அது கத்திக் கத்தி ஏறின சிவப்பு, காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் தினமும் பார்க்கிற சிவப்பு. "கப்பலில் மாலுமித் தலைவன் வழி தப்பினான் என்றேன். தப்பினது மெய். ஆகிலும் அவன் என்னை இந்தக் கரையில் இறக்கிவிட்டு என் பெட்டிகளைத் தண்ணீரில் எறிந்தான்." சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் சேருமா பேச்சில் சேருமா என்று தெரியாததால் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டார். எறியத்தான் செய்வான். எவனாக இருந்தாலும் எறிவான். நானாக இருந்தால் பெட்டியோடு உன்னையும் எறிந்திருப்பேன், நீயாக இருந்தால் என்னையும் எறிந்திருப்பாய். முந்நூறு வருஷத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு வாயாடிகள், ஒருத்தனுக்குச் சாவு வந்து வாய் மூடிற்று, ஒருத்தனுக்குப் பெண் பிறந்து.

மணல் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சாரின் குரலும் அதனோடு சேர்ந்து மெலிந்துகொண்டே போனது. "இங்கே நல்லான் என்னும் கட்டுமரக்காரன் எனக்குத் தமிழும், காற்றின் குறியும், நீர் ஏறி வற்றும் கணக்கும் படிப்பித்தான். அவன் சொன்னதை எழுதியே நான் சீமையில் பேர் வாங்கினேன். ஒரு நாள் நாளைக்குப் புயல் என்றான். காற்றின் பாரம் காட்டும் என் கருவியோ இல்லை என்றது. கடைத்தெருவில், அவன் பெண்சாதியும் பிள்ளைகளும் கேட்க, நீ கடலுக்குப் பயந்த பொய்யன் என்று நான் அவனைச் சொன்னேன். அவன் மறுவார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த நல்ல மனுஷன் தன் கட்டுமரத்தைத் தள்ளி..." அங்கே நின்றது. அஞ்சாப்புலி காத்திருந்தார். தள்ளி? பக்கம் புரட்டுகிறாரோ என்று நினைத்தார். கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தார். சவரிராயன் சார் தாடையைச் சட்டைப் பையில் முட்டுக்கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மீசை வரைக்கும் வழிந்திருந்தது. சும்மா தூக்கமில்லை, கொடுவா மீன் குழம்புத் தூக்கம். அது அஞ்சாப்புலி கொடுத்த கொடுவா. காலையில் துறையில் வந்ததிலேயே பெரிசைப் பொறுக்கி எடுத்துப்போய்ச் சார் வீட்டு வாசலில் நின்று, "ஒரு மணி நேரம் ரொம்ப ஜாஸ்தி சார், முக்கால் மணியில முடிச்சுக்கலாமா, கொஞ்சம் மணலை எடுத்துட்டா யாருக்குத் தெரியப் போவுது," என்று பேரம் பேசியிருந்தார். சார் யோக்கியர். மணலில் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார். மீனைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு யோக்கியர் இல்லை. வறுத்தது, குழம்பு, தலையைத் தனியாக வதக்கினது என்று மூன்று விதமாக ஆகியிருக்கும். எவன் விற்றது இந்தத் தூக்கத்தை? நான் விற்றேன். எவன் வாங்கினது? நானே வாங்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வியாபாரத்தை எந்த முட்டாளும் துறையில் செய்ததில்லை.

போகட்டும், மணல் விழுந்து முடியட்டும், எழுந்துபோய்ச் சாரை உலுக்கலாம் என்று குடுவையைப் பார்த்தார். நூல் இல்லை. மேல் கண்ணாடியில் கட்டைவிரல் உயரத்துக்கு மணல் இருந்தது, கீழே குவியலும் இருந்தது, நடுவில் ஒன்றும் விழவில்லை. கண்ணைக் கசக்கக் கை வரவில்லை, இறுக மூடித் திறந்தார். கடல் காற்றில் உப்பு பூத்து மணல் கட்டிபட்டிருந்தது. வீட்டில் உப்பு ஜாடியில் தினம் நடக்கிற கூத்துதான் இது, இந்திராணி ஒரு தட்டுத் தட்டுவாள், கொட்டும். இதற்கும் அதுதான் பழக்கம். சார் வாசித்துக்கொண்டே நடுநடுவே விரலால் குடுவையைத் தட்டியதை இப்போது நினைத்துப் பார்த்தார், ஏதோ தாளம் போடுகிறார் என்று அப்போது நினைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது. ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் சாசனத்தில் ஒரு மணி நேரம் என்று இல்லை, குடுவை என்றுதான் இருக்கிறது, கடைசி மணல் விழாமல் வாய் திறந்தால் பேசியதாகத்தான் அர்த்தம். இரும ஒரு இருமல் மிச்சமில்லை. மூன்றையும் பார்த்திபனிடம் கொட்டித் தீர்த்தாயிற்று. அவனாவது சொல்லலாமே, அவனுக்குத்தான் வாய் இருக்கிறதே. தலையைத் திருப்பாமல் பின்பக்கம் காதை நீட்டினார். மெதுவாக, சீராக, ஐஸ் உடைக்கிற மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு குறட்டை. விடிவதற்கு முன்னே எழுந்து ஐஸ் ஏற்றுகிறவன், அவனும் போய்விட்டான். போன வருஷம் ஒருத்தர் செருப்பால் தரையைத் தட்டினார் என்று இடமே கைவிட்டுப் போனது, கால் பேசினாலும் பேச்சுதான் என்று சகாயமேரி சொல்லிவிட்டார். ஆக இந்த அறையில் விழித்திருக்கிறவன் ஒருத்தன், அவனுக்கு வாயில்லை. வாயுள்ளவன் இரண்டு பேர், அவர்களுக்கு விழிப்பில்லை. மூன்று முப்பது. மூன்று முப்பத்தைந்து. துரை, இன்னும் ஒரே ஒரு இருமல் கொடு. பெரிசு வேண்டாம், சில்லறை இருமல். ஒரு கொசுறு. மீன் வாங்குகிறவனுக்கு நான் இரண்டு மத்தி சேர்த்துப் போடுவதில்லையா. தும்மலைப் பற்றி ஏன் எழுதவில்லை நீ? ஏழு பாஷை தெரிந்தவனுக்குத் தும்மல் தெரியாதா? தும்மலைக் கூப்பிட்டுப் பார்த்தார். வேண்டும் என்கிறபோது அது மட்டும் வருமா என்ன.

கத்திவிடலாம். எழுந்து, மேசையில் ஓங்கி ஒரு குத்து, யோவ் சவரிராயா, மணல் நின்னுபோச்சுய்யா. நியாயம் என் பக்கம். யாரைக் கேட்டாலும் நியாயம் என் பக்கம்தான் என்பார்கள். கணக்கு டீச்சர் விஷயத்திலும் நியாயம் என் பக்கம்தான். வேன்காரன் விஷயத்திலும். துரை எண்ணின பிழையும் பதினாறுதான், கப்பலும் வழி தப்பத்தான் தப்பியது. நாக்கு மேல்வாயில் போய் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் பொய்யன் என்று கேட்டுவிட்டு, மறுவார்த்தை பேசாமல், புயல் என்று தெரிந்தே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவனை நினைத்தார். சார் மீதியை வாசிக்கவே வேண்டாம். கடலில் பிழைக்கிறவனுக்கு அந்த மீதி தெரியும். ஊருக்கே அவன் பேர். நாற்பத்தாறு வருஷம் அந்தப் பேரில் குடியிருந்தும் யார் அந்த நல்லான் என்று அவர் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில், மோகனப்பிரியா நின்றிருந்தாள். உள்ளே இருக்கிறவர்கள் தூங்குவது அவளுக்குத் தெரியாது, மணல் நின்றதும் தெரியாது, ஜன்னல் வழியாக அவளுக்குத் தெரிந்தது அப்பாவின் மூஞ்சி மட்டும். கடிகாரம் கட்டின கையைத் தூக்கிக் காட்டினாள். மணி ஆகிவிட்டது, தாண்டியும் ஆகிவிட்டது, இன்னும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாயே அப்பா என்கிற மாதிரி. அவள் சிரித்தாள். அவரைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் பார்த்தார், எண்ண வரவில்லை. கண்ணால் சொல்லிப் பார்த்தார், போ, டீச்சரைக் கூப்பிடு, புருவத்தால் சொல்லிப் பார்த்தார், குடுவை, குடுவை. அவள் இன்னும் அதிகமாகச் சிரித்து, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

மூன்று ஐம்பது. வராந்தாவின் கடைசியில் சகாயமேரி அறைக் கதவு பூட்டுகிற சத்தம், சாவிக்கொத்துச் சத்தம். அஞ்சாப்புலி பல்லைக் கடித்தார். இரண்டு கையும் முழங்காலில்தான் இருந்தன. துரையின் முகத்தை நேராகப் பார்த்தார், விலை படியாத வியாபாரியைப் பார்க்கிற மாதிரி, கடைசி விலை சொல்கிற மாதிரி. இந்தா பார். நீ கேட்டதை நான் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கேட்டாய், ஒன்றே முக்கால் கொடுத்திருக்கிறேன். என் வாயை என் பெண்ணுக்காக மூடினேன், நீ நல்லானுக்காக ஒரு நாள் கடைத்தெருவில் மூடவில்லை. அதற்குத்தான் இந்த நாற்காலி, இந்தக் குடுவை, இந்தப் பள்ளிக்கூடம், முந்நூறு வருஷமாக ஊரில் உள்ள அப்பன்மாரையெல்லாம் உட்கார வைத்துப் பார்க்கிறாய், ஒருத்தனாவது நீ சொன்ன பொய்யன் என்கிற வார்த்தையை நல்லானிடமிருந்து திருப்பி வாங்கித் தருவானா என்று. ஒருத்தனும் தரமாட்டான். அது உன் வேலை. அவனுக்குச் செய்யமுடியாததை இங்கே செய். அவன் ஊர்ப் பெண் மரத்தடியில் நிற்கிறாள். உன் மணல், உன் கண்ணாடி, உன் மேசை. இறங்கி வா. வந்து, ஒரே ஒரு தட்டு, தட்டிவிட்டுப் போ.